நிழல் தேடிப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

வேலூரைச் சுற்றிப் பார்க்க என்னென்ன இடம் இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால், உட்காரவைத்துச் சொல்வேன். கோட்டைப் பூங்காவில் எந்தப் பக்கம் புல் நன்றாக இருக்கும், ஏலகிரி ஏரிக்கரையில் எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும், மோர்தானா அணைக்கு எப்போது போனால் தண்ணீர் இருக்கும், அமிர்திக் காட்டுப் பூங்காவில் மான்கள் எந்த நேரத்தில் வேலியோரம் வரும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஐம்பது வயது வரை ஆம்பூரை விட்டால் கம்பெனி, கம்பெனியை விட்டால் ஆம்பூர் என்று இருந்தவன் நான். இதையெல்லாம் ஊர் சுற்றும் ஆசையில் தெரிந்துகொள்ளவில்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை இந்த இடங்களுக்குத்தான் வரவழைத்தேன்.

எங்கள் ஆட்களில் பலர் முதல் தடவை பெண் பார்க்க யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டால் தெருவே வாசலில் நிற்கும். வந்தவர்கள் மறுபடி வரவில்லை என்றால் அதையும் தெருதான் முதலில் கவனிக்கும். அதனால் இரண்டு குடும்பமும் ஏதாவது ஒரு பூங்காவுக்குப் போய், எதிர்பாராமல் சந்தித்துக்கொண்டதுபோல நடிப்பது வழக்கம். அடடே, நீங்களும் இங்கேயா என்று பேச்சு ஆரம்பிக்கும். மூன்று பேர் வந்த இடத்துக்குப் பத்துப் பேர் சாப்பிடும் புளிச்சோறு எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பட்டுப் புடவையோடு புல்லில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தைப் பார்த்தால் சுண்டல் விற்பவருக்குக்கூட விஷயம் விளங்கிவிடும். எங்களுக்கு மட்டும் அது தற்செயல்.

பிடிக்கவில்லை என்றும் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. ஜெபம் பண்ணிப் பார்த்தோம், கர்த்தருக்குச் சித்தமில்லை என்று தெரிகிறது என்பார்கள். நாங்கள் சந்தித்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் கர்த்தர் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரைக் காட்டித் தப்பித்துக்கொண்டவர்கள்மேல் நிறைய உண்டு.

என் மகளுக்கு இருபத்தெட்டு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் எல்கேஜி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். வலது கையில் மூன்று விரல்கள் நுனியிலிருந்து பாதிவரை வெளுத்திருக்கும். மணிக்கட்டுக்கு மேலே புளியங்கொட்டை அளவுக்கு இரண்டு திட்டுகள். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று ஒரு ஷூ கம்பெனியில் ஆளைப் பிடித்து நான்தான் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். ஒட்டும் பகுதியில் கம், அதாவது பசை, தடவும் வேலை. இரண்டாவது வருடத்தில் விரல் நுனி வெளுக்க ஆரம்பித்தது. வேலையை விடச் சொன்னேன். கம்மால் வந்ததா, தானாக வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். யாருக்கும் தொற்றாது, வலிக்காது, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றும் சொன்னார். டாக்டரால் சொல்ல முடியாததை என் மனசு மட்டும் ஒருநாள் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. சேர்த்துவிட்டவன் நான்.

அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. முதல் நாள் வகுப்பில் ஒரு வாண்டு அவள் விரலைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்து, மிஸ், சாக்பீஸா என்று கேட்டிருக்கிறது. ஆமாம், கழுவினாலும் போகாத சாக்பீஸ் என்றிருக்கிறாள். அன்றிலிருந்து வகுப்பு முழுக்க அவளுக்குச் சாக்பீஸ் மிஸ் என்று பெயர். இதை வீட்டில் வந்து சொல்லி அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். பேசும்போது இரண்டு கையையும் ஆட்டி ஆட்டித்தான் பேசுவாள். புடவைத் தலைப்பில் கையை ஒளித்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டுக் கூப்பிடலாம் என்பது என் மனைவியின் கட்சி. சொன்னால் எவன் வருவான் என்பது என் கட்சி. முதலில் அவளைப் பார்க்கட்டும், அவள் பேசுவதைக் கேட்கட்டும், ஒரு மணி நேரம் அவளோடு இருந்துவிட்டால் அப்புறம் விரல் யாருக்கும் பெரிதாகத் தெரியாது என்று நினைத்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றியும் அவர்களேதான் சொல்லியிருக்கிறார்கள் என்றாள் அவள்.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் நான் செய்தது புரியும். தோல் கம்பெனியில் நான் செலக்‌ஷனில் இருக்கிறேன். பதப்படுத்தி முடித்த தோலை மேஜையில் விரித்துப் பார்த்துத் தரம் பிரிக்கவேண்டும். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய தழும்பு, சாயம் பிடிக்காமல் வெளுத்த திட்டு, இவற்றைக் கண்டுபிடித்து முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று ஒதுக்குவதுதான் வேலை. அதற்கு வெளிச்சம் முக்கியம். எங்கள் மேஜைகள் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் இருக்கும். வெயில் நேராக விழுந்தால் கண் கூசும், மஞ்சள் வெளிச்சத்தில் திட்டுகள் அமுங்கிவிடும். எந்த வெளிச்சத்தில் குறை தெரியும் என்று தெரிந்தவனுக்கு, எதில் தெரியாது என்பதும் தெரியும். அந்த வித்தையைத்தான் பெற்ற மகளிடம் காட்டினேன்.

முதல் தடவை கோட்டைப் பூங்காவுக்குப் போனபோது எனக்கு அப்படி ஒரு திட்டமும் இல்லை. சாயங்காலம் ஐந்தரை மணி. அகழித் தண்ணீரிலும் புல்லிலும் எங்கள் முகத்திலும் வெயில் மஞ்சளாக இருந்தது. வந்தவர்கள் முக்கால் மணி நேரம் பேசியிருந்துவிட்டு, மகளை ரொம்பப் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் அவள் காப்பி கொடுத்தபோதுதான் விரல்களைப் பார்த்தார்கள். ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்துபோனார்கள். மஞ்சள் வெயில் என்ன செய்கிறது என்று அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது எனக்குப் பிடிபட்டது. எனக்கு வந்திருக்கவேண்டிய புத்தி அதுவல்ல.

அடுத்த குடும்பத்தை ஏலகிரிக்கு வரச் சொன்னேன். மழைக்காலம், மலை மேலே பனி இறங்கி நான்கு மணிக்கே மங்கிவிடும். மோர்தானா அணையை மாப்பிள்ளை வீட்டாரே சொன்னார்கள், தட்டிக் கழிக்க முடியவில்லை. பதினோரு மணி வெயில், தண்ணீரிலிருந்து வேறு வெளிச்சம் அடித்தது, ஒதுங்க ஒரு மரம் கிடைக்கவில்லை. மகள் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த டம்ளரை மாப்பிள்ளையின் அம்மா வாங்கினார். வாங்கிய கையோடு அவள் விரலைப் பார்த்தார். டம்ளரைக் குடிக்காமல் பாறைமேல் வைத்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள், அந்தம்மாவுக்குத் தாகமில்லை போல என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அந்தப் பாறையையே பெயர்த்துப் போடவேண்டும் போல ஆத்திரம் வந்தது.

அவளுக்கு இந்தப் பயணங்கள் பிடித்திருந்தன. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. யார் வருகிறார்கள் என்பதைவிட எங்கே போகிறோம் என்பதைத்தான் முதலில் கேட்பாள். போன இடத்தில் எல்லாம் மரத்தடியில் குனிந்து விதை பொறுக்குவாள். குன்றிமணி, மயில்கொன்றைக் காய், சரக்கொன்றைக் காய் என்று பையில் போட்டுக்கொண்டு வருவாள். எல்கேஜி பிள்ளைகள் அதை வைத்துத்தான் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார்கள். ஏலகிரியில் மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, மூச்சு வாங்க, எங்கப்பாவ மாரி யாரும் ஊரைச் சுத்திக் காட்டமாட்டாங்க என்று அம்மாவிடம் சொன்னாள். நான் அப்போது ஏரிக்கு மேலே பனி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமிர்தியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அதற்கு முந்தைய வாரம் ஓவர்டைம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் பார்த்தேன். சிற்றாற்றுப் பாலத்தைத் தாண்டி உள்ளே போனால் மரங்கள் அடர்த்தி. மூன்று மணிக்கு எங்கே எப்படி வெளிச்சம் விழுகிறது என்று ஒவ்வொரு மரத்தடியாக நின்று பார்த்தேன். ஒரு பெரிய மருத மரமும் அதை ஒட்டி மூங்கில் புதரும் இருக்கும் இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. இலைகளுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கியது. என் கையை நீட்டிப் பார்த்தேன். கை முழுக்க வெள்ளைத் திட்டுகள். அந்த மரத்தடியில் யார் உட்கார்ந்தாலும் என் மகளும் அவர்களும் ஒன்றுதான். ஆள் இல்லாத காட்டில் நின்று தனியாகச் சிரித்தேன். அத்தனை சந்தோஷம்.

வந்த குடும்பத்தைப் பற்றி எங்கள் சபைப் போதகர் சொல்லியிருந்தார். பையனுக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அலுவலக வேலை. அப்பா ராணிப்பேட்டையில் ஏதோ கம்பெனியில் இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மாதிரியான மனுஷர்கள். நான் சொன்ன பெஞ்சிலேயே என் மகளும் பையனின் அம்மாவும் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் கீழே ஜமுக்காளம் விரித்துக்கொண்டோம். அடடே, நீங்களும் இங்கேயா என்பதை அவர்கள் சொல்லவே இல்லை. உங்களைப் பார்க்கத்தான் வந்தோம் என்று நேராகச் சொன்னார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

பேச்சு அருமையாகப் போனது. பையன் கூச்சப்படாமல் அவளிடம் பேசினான். அவ்வளவு சின்னப் பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டான். அவள் முகம் மலர்ந்து கையை ஆட்டிக்கொண்டு, எனக்கு எங்க கிளாஸ்ல இன்னா பேர் தெரியுமா என்று ஆரம்பித்தாள். சாக்பீஸ் கதை. அவள் அடுத்த வார்த்தை சொல்வதற்குள், அதோ பாருங்கள் மான் என்று குறுக்கே விழுந்தேன். வேலிப் பக்கம் மான் எதுவும் இல்லை. பையனும் அவன் அம்மாவும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். பாதியில் நின்ற வாயை மெல்ல மூடிக்கொண்டாள்.

பையனின் அப்பாவும் மானைத் தேடவில்லை. அவர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். தன் கையில் விழுந்த வெயில் பொட்டுகளைப் பார்த்தார். கையை முன்னும் பின்னும் திருப்பினார். அந்தத் திருப்பலைப் பார்த்ததுமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. வேறு வேலை செய்தவர்கள் யாரும் கையை அப்படித் திருப்பமாட்டார்கள்.

“தம்பிக்கு எந்த டிபார்ட்மென்ட்டு?” என்றார்.

“செலக்‌ஷன்.”

“நானும் அதுதாம்ப்பா. முப்பது வருஷம்.” பிறகு என் மகளைப் பார்த்து, “பாப்பா, செத்த இப்பிடி வெளிச்சத்துக்கு வாம்மா” என்றார்.

அவர் குரலில் அதட்டல் இல்லை. அதட்டியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். எழுந்து பாலத்துப் பக்கம் நடந்தார். அங்கே மரம் இல்லை, மேலே திறந்த வானம். மகள் ஒன்றும் புரியாமல் பின்னால் போனாள். நான் ஜமுக்காளத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் நடுவில் நிற்கவேண்டும் என்று தோன்றியது, போகவில்லை. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மேஜைமேல் விரித்த எத்தனையோ தோல்களை நான் ஜன்னல் பக்கம் இழுத்துப் பார்த்திருக்கிறேன். என் மகளை ஒருவர் அப்படிக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கேட்கக்கூட இல்லை. அவளாகவே வலது கையை நீட்டினாள். அவர் தொடாமல் பார்த்தார். வலிக்குமா என்று கேட்டார். இல்லை அங்கிள் என்றாள். அந்த வெளுப்பு எங்கே வரும் என்று தெரிந்தவர், எந்தக் கம்பெனி என்று கேட்காமல் எந்த செக்‌ஷன் என்று மட்டும் கேட்டார். கம் தடவும் வேலை என்றாள். தலையை ஆட்டிக்கொண்டார். கிளாஸ்ல உன் பேர் இன்னான்னு சொல்ல வந்தியே என்றார். அவள் சொன்னாள். அவர் சிரித்தார். அவரோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். அதுவும் என் காதில் விழுந்தது.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மெல்லத்தான் பேசினார். ஆனாலும் அவருக்குப் பின்னால் நின்ற என் மகளுக்குக் கேட்கும் தூரம்தான்.

“சொல்லிட்டுக் கூப்ட்டிருந்தாலும் வந்திருப்போம்ப்பா. நெழலு பாத்துக் குந்த வச்ச பாரு, அதான் மனசுக்கு ஒப்பல.”

அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், உடனே எழுந்து போகவில்லை. புளிச்சோறு சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னார்கள். பையன் ஒரு தடவை என் மகள் பக்கம் பார்த்தான். நான்கு நாள் கழித்துப் போதகர் மூலம் வழக்கமான பதில் வந்தது, ஜெபம், சித்தம். சொல்லிவிட்டுக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்போம் என்று அவர் சொன்னது நிஜமா, சபை நாகரிகத்துக்குச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. போய்க் கேட்கிற முகம் எனக்கில்லை.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கணியம்பாடியைத் தாண்டியது. அப்புறம் என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

“போன வாரம் ஓவர்டைம்னு சொன்னியேப்பா, அங்கதான் போனியா?”

ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பில்லை.

“கோட்டை, ஏலகிரி எல்லாம்?”

நான் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

“எனக்கு மரம் செடின்னா புடிக்கும்னுதான் இந்த மாரி எடமா பாத்துப் பாத்து இட்டுனு போறன்னு நெனச்சினு இருந்தேன்ப்பா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் அழவும் இல்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நான் யாரையும் எங்கும் வரச் சொல்லவில்லை. போதகர் இரண்டு இடம் சொன்னார், கை விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் ஐயா என்றேன். சொன்னார் போலிருக்கிறது. ஒருவரும் வரவில்லை. நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று என் மனைவியிடம் சொல்லிக்காட்ட நினைத்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். சரியாக இருந்து என்ன ஆகப்போகிறது?

மகள் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், எங்களோடு சிரித்துத்தான் பேசுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நோட்டுப் புத்தகம் திருத்துகிறாள். எல்கேஜி பிள்ளைகளுக்கு அவ்வளவு நோட்டு ஏது? எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அப்பாக்கள் அதைக் கற்றுக்கொண்டதில்லை. எனக்குத் தெரிந்தது அவளை எங்காவது கூட்டிக்கொண்டு போவது ஒன்றுதான். போன மாதம் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அறைக் கதவைத் தட்டி, கோட்டைப் பூங்காவுக்குப் போகலாமா, புல்லெல்லாம் பச்சையாக இருக்கும், அகழியிலும் தண்ணீர் ஏறியிருக்கும் என்றேன். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துவைத்த வார்த்தைகள்.

அவள் பேனாவை மூடிவைத்தாள்.

“யாரு வர்றாங்கப்பா?”

“யாரும் வரலம்மா. நாம மட்டும்தான்.”

சரி என்று எழுந்தாள். நானும் என் மனைவியும் வாசலில் காத்திருந்தோம். அரைமணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது பட்டுப் புடவை கட்டியிருந்தாள், பவுடர் போட்டிருந்தாள், முழங்கையைத் தாண்டி மணிக்கட்டுவரை கை வைத்த ரவிக்கை. அப்படி ஒரு ரவிக்கையை அவள் எப்போது தைத்தாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் விட்டிருந்தாள்.

சத்தியமாக யாரும் வரவில்லை என்று இன்னொரு தடவை சொன்னேன்.

“பரவால்லப்பா,” என்றாள். “போலாம்.”